மைக்கா அலமாரி

ஜூன் 9, 2024 – ஞாயிறு

சந்தைக்கு என் வண்டியில் பலாப்பழம் ஏற்றிப் போய்விட்டு மத்தியானமே திரும்பிவிட்டேன். மலை ஏறி வளப்பூர் நாட்டுக்குள் நுழையும்போதே தூறல். தலை துவட்டத் துண்டு எடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தால் ஒரே பூஞ்சை வாடை. சங்கீதாவின் சேலைகள். அவள் மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அந்தப் பக்கத்துக் கதவை நான் அதிகம் திறப்பதில்லை.

எல்லாவற்றையும் எடுத்து அடுப்படிக் கொடியில் போட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அவ வாறதுக்கு இன்னும் ஆறேழு மாசம் கெடக்குது. இப்பவே சேலைய ஒணத்தறான்" என்றாள்.

போன வாரம் சங்கீதா போனில் சொன்னது மனதிலேயே நிற்கிறது. "நம்ம ரூமு எப்பவும் இருட்டாவே கெடக்குமுல்ல மாமா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் யாரோ அவளை வார்டுக்குக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

உண்மைதானே. ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதையும் பலா மரம் மறைக்கிறது. அதற்குள் கல்யாணத்துக்கு வாங்கிய அலமாரி, கட்டில், முகம் பார்க்கும் கண்ணாடி மேசை. மூன்றும் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் மைக்கா ஒட்டியவை. அந்த இருட்டுக்குள் நின்று சேலை கட்டிக்கொண்டுதான் தினமும் வேலைக்குக் கிளம்பினாள். ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவ்வளவு தூரம் போன பிறகுதான் சொல்ல முடிந்ததோ?

ஜனவரியில் அவள் வரும்போது அறை பளிச்சென்று இருக்க வேண்டும். மூன்றுக்கும் வெள்ளை அடிக்கப் போகிறேன். அவளிடம் சொல்ல மாட்டேன். வந்து பார்க்கட்டும்.

ஜூன் 11

செம்மேட்டில் ஒரு டப்பா வெள்ளை எனாமலும் ஒரு பிரஷும் வாங்கினேன். அலமாரியின் வலது கதவைத் துணியால் துடைத்துவிட்டு அடித்துப் பார்த்தேன். வெண்ணெய் தடவிய மாதிரி பளபளக்கிறது. இவ்வளவுதானா வேலை? ஜனவரி வரை எதற்கு, இந்த வாரமே முடித்துவிடலாம்.

ஜூன் 14

முடியாது. காய்ந்துவிட்டதா என்று நகத்தால் தொட்டேன். தொட்ட இடம் கையோடு வந்தது. வெந்த குச்சிக்கிழங்குக்குத் தோல் உரிக்கிற மாதிரி, ஒரு முழம் நீளத்துக்குப் பெயிண்ட் உரிந்து தொங்குகிறது. அம்மாதான் மிச்சத்தையும் உரித்தாள். "நல்லாத்தான் வருது" என்று வேறு சொன்னாள்.

ஜூன் 16 – ஞாயிறு

வீட்டில் சிக்னல் கிடைக்காது. மேட்டுப் பாறைக்கு ஏறிப் போய்த்தான் பேச வேண்டும். இன்று மலையை மூடியிருந்த மஞ்சு கலைந்து பள்ளத்து வயல் முழுக்கத் தெரிந்தது. அதை வீடியோவில் அவளுக்குக் காட்டினேன். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. இந்த மாதமும் நைட் ட்யூட்டியாம்.

பிறகு கேட்டாள். "ஜனவரியோட என் ஒப்பந்தம் முடியுது மாமா. இன்னும் ஒரு வருசத்துக்குக் கையெழுத்துப் போடறியான்னு இப்பவே கேக்கறாங்க. என்ன பண்ணட்டும்?"

"உன் இஷ்டம்."

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"நான் நெனைக்கறதுக்கு என்ன இருக்குது. உனக்கு எது நல்லதுன்னு படுதோ அதப் பண்ணு."

சரி என்றாள். மழை எப்படி, மிளகுக்கொடி எப்படி என்று கேட்டாள். வைத்துவிட்டாள்.

பெரிய மனுஷன் மாதிரிப் பேசிவிட்டு இறங்கி வந்தேன். எங்கள் பக்கத்தில் நர்ஸுக்குப் படித்து வெளிநாடு போனவள் அவள் ஒருத்திதான். கட்டிக்கொண்டவன் பிடித்து நிறுத்திவிட்டான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். அப்படித்தான் என்னிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தொண்டை வரைக்கும் வந்தது வேறு. வா. ஒற்றை எழுத்து. அதைக்கூடச் சொல்ல வரவில்லை என்றால் வாய் எதற்கு?

ஜூன் 25

லோடு இறக்கக் காரவள்ளி வழியாகச் சேந்தமங்கலம் போனேன். அலமாரி வாங்கிய கடைக்கே போய்க் கேட்டேன். கடையைப் பார்த்துக்கொள்வது ஹாஜிரா பீவியம்மா. அவர் வீட்டுக்காரர் அப்பாஸ் அலி துபாயில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது கடைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நடந்ததைச் சொன்னேன். பீவியம்மா சிரிக்கவில்லை. "மைக்கா மேல நேரா அடிச்சா எப்படிங்க தம்பி நிக்கும்? மரம்னா பெயிண்ட்டக் குடிக்கும். இது கண்ணாடி மாதிரி, குடிக்காது. மொதல்ல சோப்புத் தண்ணியில எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவோணும். அப்பறம் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பு மட்டும் போறாப்புல தேய்க்கோணும். அமுத்தித் தேச்சீங்கன்னா உள்ள இருக்கற தூள்பலகை வெளிய வந்துரும். அது தண்ணி பட்டா உப்பிப் போயிரும்." பிறகு மைக்காவைப் பிடித்துக்கொள்கிற பிரைமர் என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். அது காய்ந்த பிறகுதான் பெயிண்ட். அதுவும் மெல்லிசாக, ஒன்று காய்ந்து ஒன்று.

"வெள்ளைதான் வேணும்னு அவங்க சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அவளுக்குத் தெரியாமத்தான் பண்றேன்."

அவர் உள்ளே திரும்பி வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். "இவரும் துபாயில இருந்து வாறப்பெல்லாம் எனக்குத் தெரியாம ஏதாச்சும் வாங்கிட்டு வருவாருங்க. பாதி இன்னும் பொட்டியிலயேதான் இருக்குது."

அப்பாஸ் பாய் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார்.

ஜூலை 7 – ஞாயிறு

ஒரு வாரமாக, வேலை இல்லாத நேரமெல்லாம் வலது கதவில் உரியாமல் ஒட்டி நின்ற மிச்சப் பெயிண்டைச் சுரண்டினேன். இன்றைக்குக் கதவு, கைப்பிடி, கீல் எல்லாவற்றையும் கழற்றி வாசலில் போட்டுக் கழுவினேன்.

இடது கதவின் கைப்பிடியைச் சுற்றி ஒரு கறுப்புத் திட்டு. எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து படிந்தது. நான் கதவைத் திறப்பது மேல்நுனியைப் பிடித்துத்தான். ஆகவே அது அவள் கைதான். ஈரத்துணியோடு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிசுக்கு இருந்தால் பிரைமர் பிடிக்காது. கழுவிவிட்டேன்.

கதவின் அடிப்பக்கத்தில் மைக்கா பிளந்திருந்தது. அந்தப் பிளவை ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறாள். எப்போது செய்தாளோ, என்னிடம் சொன்னதில்லை. புண்ணுக்குப் போடுகிற மாதிரி ஓரத்தையெல்லாம் மடித்து, சுருக்கமில்லாமல், அத்தனை சுத்தமாக. அதையும் உரித்தேன். வேறென்ன செய்ய? உள்ளே பசை தடவி, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

ஜூலை 21

உப்புத்தாள் வேலை. ஒரே பக்கமாக, அமுக்காமல், தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு செத்து அம்மிக்கல் மாதிரி ஆகிறது. கையால் தடவினால் லேசாகச் சொரசொரப்பு. அவ்வளவுதான் வேண்டும். அதற்கு மேல் ஒரு இழுப்பு இழுத்தாலும் கெட்டது. இடது கதவின் மூலையில் யோசனை எங்கேயோ போய், உள்ளே இருக்கிற தூள்பலகை தெரியும் வரை தேய்த்துவிட்டேன். பட்டி வைத்து அடைக்க வேண்டும்.

யோசனை எங்கே போனது? அவள் இங்கே இருந்த மழைக்காலத்துக்குத்தான். அவள் வேலைவிட்டு வந்து, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே அன்று வந்த நோயாளிகளைப் பற்றியெல்லாம் சொல்வாள். நான் பாதிதான் கேட்பேன். இப்போது மீதிப் பாதி வேண்டும் போல இருக்கிறது.

ஆகஸ்ட் 3

ஓரி மன்னன் விழாவுக்குச் செம்மேட்டில் கூட்டம். வண்டி நாள் முழுக்க ஓடியது. ராசிபுரத்திலிருந்து வந்த ஒரு புதுஜோடி வண்டியில் முன்னால் உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள். போட்டோ எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 18 – ஞாயிறு

கையெழுத்துப் போட்டுவிட்டாளாம்.

"நேத்து கடைசி நாளு மாமா. போட்டுட்டேன். ஜனவரியில நாப்பது நாளு லீவு குடுக்கறாங்க. வந்துட்டு மறுபடி ஒரு வருசம்."

"சரி" என்றேன். "நல்லதுதான்" என்றும் சொன்னேன். நல்லதுதானாம். என்ன நல்லது? யாருக்கு நல்லது?

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை. முகம் அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் 19

எந்த வேலையும் ஓடவில்லை.

செப்டம்பர் 8

மூன்று வாரமாகக் கதவு இரண்டும் வாசல் சுவரில் சாய்த்தது சாய்த்தபடி கிடக்கிறது. யாருக்காக இந்த வேலை என்று ஒரு வெறுப்பு. நாற்பது நாள் வந்து போகிறவளுக்கு எந்த நிறமாக இருந்தால் என்ன?

இன்று அம்மா சாமைக் கொல்லையிலிருந்து வந்தவள் கதவுக்கு முன்னால் நின்றாள். "போட்டாப் போட்டுட்டா சாமி. நாப்பது நாளைக்குன்னாலும் கதவில்லாத அலமாரியிலயா துணி வெப்பா?" என்றாள்.

அதுவும் சரிதான். உப்புத்தாளை எடுத்தேன்.

அக்டோபர் 13

தேய்த்த தூளையெல்லாம் ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்து, காயவிட்டு, பிரைமர் அடித்தேன். மலைமேல் ஐப்பசி மழை நெருங்கும்போது இந்த வேலைக்கு இறங்கியது முட்டாள்தனம். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் கீழ்நாட்டுக்காரர்களுக்கு. இங்கே மறுநாளும் கையில் பிசுபிசுக்கிறது. கதவுகளை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தேன். அம்மா அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்து சமைக்கிறாள்.

ஆனால் பிடித்திருக்கிறது. நகத்தால் கீறிப் பார்த்தேன். வரவில்லை.

நவம்பர் 24

கடைசிப் பூச்சு முடிந்தது. தீபாவளிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இன்றைக்கு ஒன்று. அலமாரி, கட்டிலின் தலைமாடு, கண்ணாடி மேசை, மூன்றும் பால் வெள்ளை. கைப்பிடி மாட்டினேன். பலா மரத்தில் இரண்டு கிளை வெட்டிவிட்டேன். காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து அலமாரியில் பட்டு அறையே வேறு அறையாகிவிட்டது. பீவியம்மா சொன்னபடி முற்றும் இறுகுகிற வரை கதவைச் சாத்தாமல், இடுக்கில் காகிதம் வைத்திருக்கிறேன்.

கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் உள்ளே வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்தேன்.

ஜனவரி 10, 2025

வந்துவிட்டாள்.

திருச்சி ஏர்போர்ட்டில் முதலில் அடையாளம் தெரியவில்லை. இளைத்திருக்கிறாள். காரவள்ளியில் நிறுத்தச் சொல்லி டீ குடித்தாள். வளைவு ஏற ஏறக் கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டாள். குளிர்காற்று. "ஏத்திக்கோ, சளி புடிக்கும்" என்றேன். "புடிக்கட்டும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசிவிட்டு அறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நல்லா இருக்குது மாமா."

அலமாரியைத் தொட்டுப் பார்த்தாள். எப்படிச் செய்தேன் என்று கேட்டாள். கழுவினது, தேய்த்தது, பிரைமர், எல்லாம் சொன்னேன். நோயாளி சொல்வதைக் கேட்கிற மாதிரி முழுக்கக் கேட்டாள். "ரொம்பப் பாடுபட்டிருக்கீங்க" என்றாள்.

ஆனால் பெட்டியில் இருந்த துணியை அலமாரியில் எடுத்து வைக்கவில்லை.

ஜனவரி 15

பொங்கல். அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தோம். சிரிக்கிறாள், பேசுகிறாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பெட்டி இன்னும் தரையில் திறந்தே கிடக்கிறது. லாட்ஜில் தங்க வந்தவள் மாதிரி.

ஜனவரி 17

மிளகு பறித்துவிட்டு மத்தியானம் சாப்பிட வந்தேன். அறையில் அவள் இல்லை. அடுப்படிக்குப் பின்னால், தவசம் வைக்கிற இருட்டறையில், ராகி மூட்டைகளுக்கு நடுவில் சாக்கை விரித்துப் படுத்திருந்தாள். நல்ல தூக்கம். அம்மா மெதுவாகச் சொன்னாள்: "வந்ததுல இருந்து பகல்ல அங்கதான் படுக்கறா. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னா."

அவள் எழுந்ததும் கேட்டேன். முதலில் தலைவலி என்றாள். விடவில்லை.

"கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?"

"இல்ல. சொல்லு."

"அங்க நைட் ட்யூட்டி முடிச்சுட்டு பகல்லதான் படுக்கோணும் மாமா. எங்க ரூமு, சொவரு, கட்டிலு, அலமாரி எல்லாமே வெள்ளை. வார்டும் வெள்ளை. ஜன்னல்ல வெயிலு கண்ணக் குத்தும். தூக்கமே வராது. கண்ண மூடிட்டு நம்ம ரூமத்தான் நெனச்சுக்குவேன். அந்த இருட்டு, அந்த அலமாரி, வெளிய பலா மரத்துல மழை சொட்டற சத்தம். அதுக்குள்ள படுத்திருக்கற மாதிரி நெனச்சாத்தான் தூங்குவேன். ரெண்டு வருசமா அப்படித்தான்."

"அன்னிக்குப் போன்ல இருட்டாக் கெடக்கும்னு சொன்னியே?"

"ஆசையாச் சொன்னேன்."

வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டேன். கோபம்தான் வந்தது. வந்த அன்றைக்கே சொல்லியிருக்கலாமே? ஒரு வாரம் மூட்டைக்கு நடுவில் எலி மாதிரிப் படுத்துக்கொண்டு, என்னிடம் நல்லா இருக்குது நல்லா இருக்குது என்று... அவள் பின்னாலேயே வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க மூஞ்சியப் பாத்தேன் மாமா. எப்படிச் சொல்லுவேன்?"

கோபம் வந்த வழியே போய்விட்டது. அவள் ஆசைப்பட்டு வைத்திருந்த அறையை ஆறு மாதம் உட்கார்ந்து, சிறுகச் சிறுகத் தேய்த்து, நானே அழித்திருக்கிறேன்.

ஜனவரி 18

காலையில் கண் விழித்தால் சரக் சரக் என்று சத்தம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த உப்புத்தாளை எடுத்து, மேசைக்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இப்படித்தானே? அமுத்தக்கூடாது?"

"என்ன பண்ற?"

"பழையபடி பண்ணிக்கலாம். உங்களுக்குத்தான் வேலை தெரியுமே."

பெயிண்டை முழுக்க உரிக்க வேண்டியதில்லை, அது நன்றாகப் பிடித்திருக்கிறது, மேல்மினுக்கை மட்டும் எடுத்தால் போதும் என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு.

ஜனவரி 20

இரண்டு பேரும் சேந்தமங்கலம் போனோம். பீவியம்மா அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அடர்ந்த பழுப்பு வேண்டும் என்று நான் சொன்னதும், "நீங்க சும்மா இருங்க தம்பி. இந்தத் தடவை அவங்க சொல்லட்டும்" என்றார். சங்கீதா நிற அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வறுத்த காப்பிக்கொட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றைத் தொட்டாள். பழைய மைக்காவை விட ஒரு நிறம் கூடவே கறுப்பு.

ஜனவரி 23

வாசலில் கதவுகளைப் படுக்கப் போட்டு, எதிரும் புதிருமாக உட்கார்ந்து தேய்த்தோம். இரண்டு பேர் முகத்திலும் வெள்ளைத் தூள். கையில் வேலை இருந்ததால்தான் பேச வந்தது என்று நினைக்கிறேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை.

அவள்தான் ஆரம்பித்தாள். "நான் கையெழுத்துப் போடட்டுமான்னு கேட்டப்ப ஏன் வேண்டாம்னு சொல்லலீங்க?"

"நான் தடுத்த மாதிரி ஆயிருமேன்னுதான்."

"ஜூன்ல கேட்டேன். ஜூலையில ரெண்டு தடவை சுத்தி வளைச்சுக் கேட்டேன். உன் இஷ்டம், உன் இஷ்டம்னீங்க. சரி, இவருக்கு நாம இல்லாமயே பழகிப்போச்சுன்னு நெனச்சுட்டேன். அப்பறம் எதுக்கு வாறதுன்னுதான் போட்டேன்."

"பழகலே."

"அதச் சொல்லோணும்ல?"

நான் தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என் இஷ்டம்னு சொன்னீங்களே, என் இஷ்டம் என்னன்னு தெரியுமா உங்களுக்கு? நீங்க கூப்பிடோணும். அதுதான்."

அவள் அழவில்லை. இமையில் தூள் படிந்திருந்தது, புறங்கையால் துடைத்தாள். அது இன்னும் அப்பிக்கொண்டது. என் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன். உள்ளேயிருந்து அம்மா, "சோறு ஆறுது" என்றாள்.

பிப்ரவரி 2

மூன்று பூச்சும் முடிந்தது. தை வெயில் நன்றாகக் காய்ந்தது. வெட்டிய பலாக் கிளைக்குப் பதிலாக ஜன்னலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டேன். அறை மறுபடி குகை மாதிரி ஆகிவிட்டது. பெட்டியில் இருந்த துணியெல்லாம் அலமாரிக்குப் போயிற்று. மத்தியானம் எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, வாயைத் திறந்தபடி தூங்குகிறாள்.

பிப்ரவரி 10

எழுத நேரமில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பிப்ரவரி 19

திருச்சியில் விட்டுவிட்டு வந்தேன்.

உள்ளே போகிற வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. முன்னாலும் பின்னாலும் ஆட்கள். ஒரு குடும்பம் எங்கள் மேலேயே இடித்துக்கொண்டு நின்றது. சொல்லாமல் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அவள் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்தபோது சொல்லிவிட்டேன்.

"அடுத்த ஜனவரியில வா. கையெழுத்துப் போடாத. எனக்கு முடியல."

சத்தமாகத்தான் வந்துவிட்டது போல. பக்கத்தில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். சங்கீதா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி. மெதுவாச் சொன்னாக் கேக்காதா எனக்கு?" என்றாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் ஒருமுறை திரும்பினாள். வண்டியில் வரும்போது துறையூர் தாண்டும்வரை பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஆனால் போன தடவை மாதிரி இல்லை.

மே 4

ஞாயிறுதோறும் மேட்டுப் பாறை. வைப்பதற்கு முன்னால் "வந்துரு" என்று சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் நாக்கு கூசியது. இப்போது நான் மறந்தால் அவளே, "இன்னிக்கு ஒண்ணும் சொல்லலியே?" என்கிறாள்.

சொல்லிவிட்டால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. இராத்திரி அந்த அறையில் படுத்தால் இன்னும் கூடத்தான் இருக்கிறது. ஆனால் அங்கேயும் ஒருத்தி இதே மாதிரிப் படுத்திருக்கிறாள் என்பது தெரியும்.

ஜூலை 27

"கேட்டாங்க மாமா. வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"வருத்தமா இருக்குதா?"

"இருக்குது. இங்க ஐசியூவுல என்னை நம்பிப் பொறுப்பக் குடுத்திருக்காங்க. அத விட்டுட்டு வாறது வருத்தந்தான். அதையும் உங்ககிட்டச் சொல்லீறேன்."

"உன் இஷ்டம்" என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "இங்க வந்தும் வேலைக்குப் போ. எந்த ஆஸ்பத்திரியானாலும் நான் கொண்டுபோய் உடறேன்" என்றேன்.

"பஸ்ஸு இருக்குதுல்ல" என்றாள்.

ஜனவரி 29, 2026

மஞ்சு மூடி ரோடே தெரியவில்லை. முகப்பு விளக்கைப் போட்டு ஊர்ந்துகொண்டே மேலே ஏறினேன். பக்கத்தில் சங்கீதா. பின்னால் அவளுடைய பெட்டி மூன்று. வழி நெடுக அவள்தான் பேசினாள். முழுக்கக் கேட்டேன்.

பிப்ரவரி 23 – திங்கள்

சேந்தமங்கலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, இன்றைக்குத்தான் முதல் நாள். காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவளுக்கு.

மிளகு காயப் போட்டேன். வண்டிக்கு டயர் மாற்றினேன். சாப்பிட்டேன். பொழுது நகரவே இல்லை. மூன்றரைக்கெல்லாம் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். பஸ் ஐந்தரைக்குத்தான். டீக்கடை முருகானந்தம் அண்ணன் இரண்டாவது டீயும் கொடுத்த பிறகு கேட்டார்.

"யாருக்குப் பூபதி காத்திட்டிருக்கே?"

"சங்கீதாவுக்குங்கண்ணா."

"ஏன், அது காலையிலதானே போச்சு?"

"ஆமாங்க. காலையிலதான் போனா."